ஒரே க்ளிக்கில் சேர்த்துக்கொண்டு வெளியே விடாத சந்தாக்கள்: நடத்தைப் பொருளியலை வைத்துச் சட்டத்தில் எவ்வளவு தூரம் வாதாடலாம்?

பொன்னி:

வணக்கம். சட்டப் படிப்பில் இறுதியாண்டு. இலவச ட்ரயல் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, ட்ரயல் முடிந்ததும் கார்டிலிருந்து மாதாமாதம் பணம் பிடித்துக்கொண்டே போகிற சந்தாக்களைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சேர ஒரு க்ளிக் போதும். விலகப் போனால் கணக்கு, அமைப்புகள், திட்டம் என்று உள்ளே உள்ளே போய், நடுவில் "இந்தச் சலுகைகளை எல்லாம் இழக்கச் சம்மதமா" என்று கேட்கும் திரைகளைத் தாண்டினால், கடைசியில் அலுவலக நேரத்தில் போன் பண்ணச் சொல்லும். இப்படி வாங்கிய சம்மதத்தைச் சட்டம் முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் வாதம். அதற்கு நடத்தைப் பொருளியலை, அதாவது மனிதர்கள் நிஜத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று உளவியலோடு சேர்த்துப் பார்க்கும் பொருளியலை, ஆதாரமாக வைத்திருக்கிறேன்.

என் வழிகாட்டி வரைவைப் படித்துவிட்டு ஒரே கேள்வியில் நிறுத்திவிட்டார். "மனிதர்கள் அவசரப்படுவார்கள், மறந்துபோவார்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள், இதெல்லாம் சட்டத்துக்குப் புதுச் செய்தியா? ஒப்புக்கொண்டவர் கட்டுப்பட்டவர். நடத்தைப் பொருளியல் எந்த இடத்தில் விடையை மாற்றுகிறது என்று காட்டு, இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு" என்கிறார்.

1998இல் கிறிஸ்டின் ஜோல்ஸ், காஸ் சன்ஸ்டைன், ரிச்சர்ட் தேலர் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் சட்ட இதழில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டேன். மனிதனின் பகுத்தறிவு, மன உறுதி, தன்னலம் மூன்றுக்கும் எல்லை உண்டு, சட்டத்தின் பொருளியல் ஆய்வு அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதே இதழில் ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய மறுப்பையும் படித்தேன். இதை வைத்து எதை வேண்டுமானாலும் விளக்கிவிடலாம், கோட்பாடு என்று கையில் ஒன்றும் நிற்கவில்லை என்பது அவர் குறை. அந்தக் குறை எனக்கு நியாயமாகப் படுகிறது, அதனால்தான் குழப்பம். சட்டப் பகுப்பாய்வில் இது உண்மையிலேயே விடையை மாற்றிய இடங்கள் எவை? விதி வகுக்கும்போது எந்தக் கண்டுபிடிப்பை நம்பலாம்?

குறுக்குவிசாரணை:

உங்கள் வழிகாட்டி கேட்டது சரியான கேள்வி, அதற்குக் கோபப்படாதீர்கள். நான் பல வருடமாக இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சட்டமும் பொருளியலும் படித்த எல்லோரும் 1960இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் எழுதியதிலிருந்துதான் தொடங்குவோம். பேரம் பேச இடைஞ்சல் இல்லையென்றால் உரிமையை நீதிமன்றம் யாருக்குக் கொடுத்தாலும், கடைசியில் அதை அதிகமாக மதிக்கிறவர் கைக்கே போய்ச் சேரும் என்பது அதன் சாரம். ஆனால் கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட கோப்பைச் சோதனையில், கோப்பை கையில் கிடைத்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. தன்னுடையது என்று ஆகிவிட்டாலே மதிப்பு ஏறிவிடுகிறது. இது பரிசோதனைக்கூட விஷயம்தானே என்பீர்கள். வார்ட் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற சட்டப் பேராசிரியர் 1999இல், அக்கம்பக்கத் தொல்லை வழக்குகள் 20 எடுத்து, தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் பேரம் பேசினார்களா என்று அந்தந்த வழக்கறிஞர்களிடமே கேட்டார். ஒரு வழக்கில்கூட பேசவில்லை. வழக்காடி வந்த பகையும், உரிமையைப் பணத்துக்கு விற்பதில் இருந்த வெறுப்பும்தான் காரணம் என்று சொன்னார்கள். அப்படியானால் தடையாணை கொடுப்பதா, இழப்பீடு கொடுப்பதா என்று யோசிக்கும்போது, "பிறகு அவர்களே பேசிச் சரிசெய்துகொள்வார்கள்" என்ற அனுமானத்தின் மேல் நிற்க முடியாது. விடை மாறுகிற இடம் என்று கேட்டீர்களே, இது ஒன்று.

இன்னொன்று எனக்கு இன்னும் நெருக்கமானது. கவனக்குறைவு வழக்கு எல்லாமே பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் நடக்கிறது. விபத்து நடந்துவிட்டது, அது நடந்ததை எல்லோரும் அறிவார்கள், அந்த அறிவோடு உட்கார்ந்துகொண்டு "முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டாமா" என்று கேட்கிறோம். 1995இல் கேமின், ரக்லின்ஸ்கி இருவரும் ஒரு சோதனை வைத்தார்கள். ஆற்றின் மேல் ஒரு தூக்குப் பாலம். குளிர்காலத்தில் அடித்துவரும் குப்பைகூளம் அதில் சிக்கி வெள்ளம் வரலாம். அதைத் தடுக்க ஆள் நியமிக்க நகரம் செலவு செய்ய வேண்டுமா? வெள்ளம் வருவதற்கு முன்னால் முடிவெடுக்கச் சொன்ன குழுவில் 24 சதவீதம் பேர்தான் வேண்டும் என்றார்கள். அதே தகவலோடு வெள்ளம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்ன குழுவில் 57 சதவீதம் பேர், ஆள் வைக்காதது கவனக்குறைவு என்றார்கள். பின்னால் தெரிந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று எச்சரித்தும் பார்த்தார்கள், பயனில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அறிவுரையால் இது தீராது என்பதுதான். அப்படியென்றால் விதியின் அமைப்பே அதைத் தாங்க வேண்டும். நிறுவன இயக்குநர்கள் நல்லெண்ணத்தோடு விசாரித்து எடுத்த முடிவை நட்டம் வந்த பிறகு நீதிமன்றம் தோண்டாது என்ற கோட்பாட்டையும், விபத்துக்குப் பிறகு செய்த பழுதுபார்ப்பைக் கவனக்குறைவுக்குச் சான்றாகக் காட்டக் கூடாது என்ற சாட்சிய விதியையும் இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். உளவியலாளர்கள் அளந்து காட்டும் முன்பே அனுபவத்தில் எழுந்த விதிகள் இவை. நடத்தைப் பொருளியல் இவற்றுக்குக் காரணம் சொல்கிறது, எங்கே நீட்டலாம் எங்கே கூடாது என்றும் காட்டுகிறது.

நீதிபதிகள் விதிவிலக்கு என்றும் எண்ண வேண்டாம். 2001இல் கத்ரி, ரக்லின்ஸ்கி, விஸ்ட்ரிச் மூவரும் அமெரிக்கக் கூட்டாட்சி மாஜிஸ்திரேட் நீதிபதிகள் 167 பேரிடம் கற்பனை வழக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மோசமான காயம் பட்ட ஒருவருக்கு எவ்வளவு இழப்பீடு தருவீர்கள் என்பது ஒரு கேள்வி. பாதிப் பேரிடம் மட்டும், "இந்த வழக்கின் மதிப்பு 75,000 டாலரைத் தாண்டாது, தள்ளுபடி செய்யுங்கள்" என்று எதிர்த்தரப்பு போட்ட அர்த்தமற்ற மனு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த மனுவைப் பார்க்காதவர்கள் தந்த சராசரி 12,49,000 டாலர், பார்த்தவர்கள் தந்தது 8,82,000. காதில் விழுந்த ஒரு எண் அவ்வளவு இழுக்கிறது.

தரவுதாசன்:

மேலே சொன்னவை நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால் பொன்னி, கட்டுரையில் எதைப் போடுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். இந்தத் துறையில் பெயர் பெற்ற முடிவுகள் சில நிற்கவில்லை.

பசியோடு இருக்கும் நீதிபதிகள் பரோல் கொடுப்பதில்லை என்று 2011இல் வந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அமர்வின் தொடக்கத்தில் சுமார் 65 சதவீதம் சாதகமான முடிவு, இடைவேளைக்கு முன் ஏறக்குறைய பூஜ்யம் என்று அந்த வரைபடம் கண்ணைப் பறிக்கும். அதே வருடமே மறுப்பு வந்தது: வழக்குகள் வரும் வரிசை குலுக்கல் முறையில் அமைந்ததல்ல, வழக்கறிஞர் இல்லாத கைதிகள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில் வருகிறார்கள், அவர்களுக்கு எப்படியும் வாய்ப்புக் குறைவு. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த ஆய்வை மட்டும் நீட்டினால் தேர்வாளர் உங்களை விடமாட்டார். படிவத்தின் தலைப்பிலேயே கையெழுத்து வாங்கினால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012இல் வந்த கட்டுரையை 2021இல் இதழே திரும்பப் பெற்றுவிட்டது. அரசு அலுவலகங்கள் அதை நம்பிப் படிவங்களை மாற்றிப் பார்த்திருந்தன.

மொத்தக் கணக்கும் அடக்கமானதுதான். டெல்லாவிக்னா, லினோஸ் இருவரும் 2022இல், ஆய்விதழ்களில் வெளியான நட்ஜ் (கட்டாயப்படுத்தாமல், தேர்வை முன்வைக்கும் விதத்தை மாற்றி முடிவை மெல்லத் திருப்பும் உத்தி) சோதனைகளையும், அமெரிக்காவின் இரண்டு பெரிய நட்ஜ் பிரிவுகள் நடத்திய சோதனைகள் அத்தனையையும் ஒப்பிட்டார்கள். இதழ்களில் வந்தவற்றில் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. பிரிவுகள் நடத்தியவற்றில் 1.4. இதழ்கள் பெரிய விளைவு காட்டியவற்றையே தேர்ந்தெடுத்து வெளியிடுவது இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். 1.4 புள்ளி என்பது ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. கடிதத்தில் நாலு வரி மாற்றும் செலவுக்கு அது நல்ல வரவு. ஆனால் அதை வைத்து ஒரு சட்டத்தையே விலக்கிவிடலாம் என்றால் அது வேறு பேச்சு.

எது உறுதியாக நிற்கிறது என்றால், டீஃபால்ட். ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை மாற்றினால் மனிதர்களின் முடிவு பெருமளவு மாறுகிறது. மாட்ரியன், ஷே இருவரும் 2001இல் காட்டியதில், ஓய்வூதியச் சேமிப்பில் புது ஊழியர்களைத் தானாகச் சேர்க்க ஆரம்பித்ததும் சேர்ந்தவர்கள் விகிதம் 49இலிருந்து 86 சதவீதமானது. கூடவே இன்னொன்றும் நடந்தது, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: நிறுவனம் டீஃபால்டாக வைத்த 3 சதவீதச் சேமிப்பிலேயே நிறையப் பேர் நின்றுவிட்டார்கள். தாங்களாகச் சேர்ந்திருந்தால் அதைவிட அதிகமாகப் போட்டிருக்கக்கூடியவர்களும் அதில் இருந்தார்கள். டீஃபால்ட் எப்போதும் நன்மை பக்கமே இழுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

உறுப்பு தானத்திலும் அப்படித்தான். மறுக்காதவர் எல்லாம் சம்மதித்தவர் என்று சட்டம் வைத்திருந்த ஆஸ்திரியாவில் சம்மத விகிதம் 99.98 சதவீதம், கேட்டுப் பதிவு செய்யும் ஜெர்மனியில் 12 சதவீதம் என்று 2003இல் வந்த ஒப்பீடு மிகப் பிரபலம். ஆனால் அது பதிவேட்டில் உள்ள சம்மதம். நிஜத்தில் பெரும்பாலும் மருத்துவமனையில் குடும்பத்தைக் கேட்ட பிறகுதான் உறுப்பை எடுக்கிறார்கள். தானத்தில் உலகில் முன்னணியில் இருக்கும் ஸ்பெயினில் அதை நடத்துகிறவர்களே, காரணம் சட்டத்தின் அந்த வரி இல்லை, மருத்துவமனைதோறும் இருக்கும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள்தான் என்கிறார்கள்.

உங்கள் தலைப்புக்கு நேராகப் பயன்படுவது ஒன்று உண்டு. ஐனாவ், க்ளோபாக், மஹோனி மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வுத்தாள். பிரபலமான பத்து சந்தா சேவைகளை எடுத்துக்கொண்டு, கார்டு காலாவதியாகிப் புது எண் வாங்க வேண்டிய மாதத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அந்த மாதம் மட்டும் பயனர் தானாகப் போய்ப் புது எண்ணைக் கொடுத்தால்தான் சந்தா தொடரும், அதாவது டீஃபால்ட் தலைகீழாகிறது. விலகுகிறவர்கள் எண்ணிக்கை அந்த மாதத்தில் செங்குத்தாக ஏறுகிறது. எல்லோரும் கவனமாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வருமானத்தோடு ஒப்பிட்டால், இந்தக் கவனமின்மையால் விற்பவர்களுக்குக் கூடுதலாக வருவது 14 சதவீதத்தில் தொடங்கிச் சில சேவைகளில் 200 சதவீதத்துக்கும் மேல் போகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. "பயனர் விரும்பித்தான் தொடர்கிறார்" என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

வரைவுமேசை:

நுகர்வோர் விதிகள் எழுதும் வேலையில் இருந்தவள் நான். இரண்டு பேரும் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன்: எதிரே யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

நியூயார்க்கில் சிறு குற்றங்களுக்குக் கொடுக்கும் அழைப்பாணைப் படிவத்தை மாற்றிப் பார்த்தார்கள். பழைய படிவத்தில் குற்ற விவரம்தான் கண்ணில் முதலில் படும், என்றைக்கு எங்கே வர வேண்டும் என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். புதியதில் தேதி, இடம், வராவிட்டால் வாரண்ட் என்ற மூன்றையும் மேலே கொண்டுவந்தார்கள். வராமல் போனவர்கள் எண்ணிக்கை 13 சதவீதம் குறைந்தது. முன்கூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பியதில் 21 சதவீதம் குறைந்தது. 2020இல் வெளியான ஆய்வு. வராதவர் எல்லாம் சட்டத்தை மதிக்காதவர், தண்டனையைக் கூட்டு என்பதுதான் அதுவரை எல்லோருக்கும் தோன்றிய மருந்து, ஆனால் அதில் நிறையப் பேர் வெறுமனே மறந்திருக்கிறார்கள். இங்கே நட்ஜ் ஏன் வேலை செய்தது? அவர்கள் மறந்துபோவதில் லாபம் பார்க்கிறவர் யாரும் இல்லை.

இப்போது வங்கி ஓவர்டிராஃப்டைப் பாருங்கள். கணக்கில் பணம் இல்லாதபோதும் கார்டு பரிவர்த்தனையை அனுமதித்துவிட்டு அதற்குக் கட்டணம் பிடிப்பது. அமெரிக்காவில் 2010இல் டீஃபால்டை மாற்றினார்கள்: வாடிக்கையாளர் வெளிப்படையாகக் கேட்டால் ஒழிய அந்த வசதி கிடையாது. பாடப் புத்தகப்படி பிரச்சினை முடிந்திருக்க வேண்டும். வங்கிகள் கடிதம், தொலைபேசி, ஏடிஎம் திரை என்று விடாமல் கேட்டு, அடிக்கடி கட்டணம் கட்டும் வாடிக்கையாளர்களையே அதிகமாகத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டன. லாரன் வில்லிஸ் 2013இல் இதை விவரமாக எழுதியிருக்கிறார், கட்டாயம் படியுங்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு மறுபக்கம் தள்ளுகிறவரை அப்படியே விட்டால் டீஃபால்ட் நிற்காது.

இதற்கு நேர் எதிராக அமெரிக்காவில் 2009இல் வந்த கிரெடிட் கார்டு சட்டம். அதில் இரண்டு வகை ஏற்பாடும் இருந்தன. மாதச் சீட்டில், 36 மாதத்தில் கடனை அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று அச்சிட வேண்டும் என்பது ஒன்று. சில கட்டணங்களுக்கு உச்சவரம்பு, வரம்பு மீறிய செலவுக்கு முன் அனுமதி என்ற கறாரான விதிகள் இன்னொன்று. பிறகு தரவை எடுத்துப் பார்த்தபோது, அச்சிட்ட தகவலால் கட்டும் பழக்கம் மிகக் கொஞ்சமே மாறியிருந்தது. கட்டண விதிகளோ கடன் வாங்கியவர்களுக்கு வருடத்துக்கு 11.9 பில்லியன் டாலர் மிச்சப்படுத்தின. நிறுவனங்கள் வட்டியைக் கூட்டி அதை ஈடுகட்டிவிடும் என்ற பயமும் தரவில் தென்படவில்லை.

தகவல் வெளியிட்டால் போதும் என்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. மென்பொருள் வாங்க வருகிற ஆயிரம் பேரில் ஒப்பந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பவர் ஒருவர் அல்லது இருவர் என்று 2014இல் பாகோஸும் மற்றவர்களும் இணைய உலாவல் தரவை வைத்துக் காட்டினார்கள். ஆகவே "நிபந்தனை 14இல் தெளிவாக எழுதியிருக்கிறோம்" என்பதை நான் ஒரு பதிலாகவே ஏற்க மாட்டேன்.

பொன்னி, உங்கள் வழிகாட்டியின் கேள்விக்கு என் பதில் இது. சம்மதம் செல்லாது என்று நிறுவப் போகாதீர்கள். அது பெரிய வாதம், ஒப்பந்தச் சட்டம் முழுவதையும் உங்கள் தலையில் இறக்கிவிடும். சேர்ந்த சம்மதம் இருக்கட்டும். விலகும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்த முடியாதபடி ஒரு தரப்பு திட்டமிட்டுத் தடை போட்டிருக்கிறது, அந்தத் தடையால் அதற்கு வருமானம் என்று வாதத்தை நகர்த்துங்கள். ஜெர்மனி 2022 ஜூலை முதல் அப்படித்தான் செய்தது: இணையத்தில் சேர்க்கிற நிறுவனம் இணையத்தளத்திலேயே ரத்து செய்யும் பொத்தானை எளிதில் தெரியும்படி வைக்க வேண்டும், அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதுகூட விதியில் இருக்கிறது. பொத்தான் இல்லையென்றால் பயனர் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்புக் காலம் இல்லாமல் விலகலாம். தண்டனை அந்த இடத்தில் இருப்பதால் யாரும் அதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

அபராதம் போட்டால் தீராதா என்று கேட்பார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்ததைச் சொல்லுங்கள். அவற்றில் ஆறில், குழந்தையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்குச் சிறு அபராதம் வைத்தார்கள், தாமதம் கூடிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதுவரை குற்ற உணர்வு இருந்த இடத்தில் ஒரு விலை வந்துவிட்டது. க்னீசி, ருஸ்டிச்சினி 2000இல் எழுதியது. சின்ன அபராதத்தை ஒரு நிறுவனம் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டு போய்விடும்.

பொன்னி:

மூவருக்கும் மிக்க நன்றி. கார்டு காலாவதி ஆய்வு எனக்குத் தெரியாது, அது அத்தியாயத்தின் நடுவே போய் உட்காரப் போகிறது. விலகும் உரிமை பக்கம் வாதத்தை நகர்த்துவதும் சரியென்று படுகிறது. ஆனால் இரண்டு சந்தேகம். தானாகப் புதுப்பித்தலை விரும்பியே வைத்திருப்பவர்களும் உண்டே, அவர்களுக்கு இது தொந்தரவு இல்லையா, பெற்றோர்த்தனம், அதாவது உனக்கு எது நல்லது என்று சட்டமே முடிவு செய்கிறது என்று சொல்ல மாட்டார்களா? அப்புறம் விதி போட்டால் மட்டும் நிலைக்குமா?

குறுக்குவிசாரணை:

முதல் சந்தேகத்துக்கு 2003இல் கேமரர், இசகரோஃப், லோவன்ஸ்டைன், ஓடானஹியூ, ராபின் ஐவரும் சேர்ந்து எழுதியதைப் பாருங்கள். தவறு செய்கிறவருக்குப் பெரிய நன்மையும், நிதானமாகத் தேர்ந்தெடுக்கிறவருக்கு ஏறக்குறைய இழப்பே இல்லாமலும் இருக்கிற ஏற்பாடுகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். ரத்து பொத்தான் அதில் அப்படியே பொருந்தும். விரும்பித் தொடர்கிறவர் அந்தப் பொத்தானைத் தொடப் போவதில்லை, அவருக்கு என்ன நட்டம்? மாதம் ஒரு முறை மறுபடி சம்மதம் கேட்க வேண்டும் என்று விதி போட்டால்தான் அவர் எரிச்சலாவார். அதுவரை போகாதீர்கள்.

வரைவுமேசை:

இரண்டாவதற்கு நான் பதில் சொல்கிறேன். அமெரிக்க கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில், சேர்வது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று விதி வெளியிட்டது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்துவிட்டது. ஏமாற்றுப் பழக்கத்தை நீதிமன்றம் சரியென்று சொல்லவில்லை. பொருளாதாரத் தாக்கம் 100 மில்லியன் டாலரைத் தாண்டும் விதிக்கு முன்கூட்டியே செய்ய வேண்டிய ஆரம்பப் பகுப்பாய்வை ஆணையம் செய்யவில்லை என்பதுதான் காரணம். மாற்று வழிகள் என்ன, ஒவ்வொன்றுக்கும் செலவு என்ன, பலன் என்ன என்று காட்டும் அந்தப் பகுப்பாய்வில்தான் தரவுதாசன் சொன்ன மாதிரி எண்கள் வர வேண்டும். உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு பகுதி ஒதுக்குங்கள். தகவல் மட்டும் கொடுப்பது, நினைவூட்டல் அனுப்புவது, ரத்து பொத்தான், பல மாதமாக உள்நுழையாத கணக்கில் பணம் பிடிப்பதை நிறுத்துவது என்று நான்கையும் வைத்து, எதற்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று எழுதுங்கள். கடைசியில் சொன்னதற்கு நிறுவனத்தின் சொந்தப் பதிவேடே சான்று, ஒருவர் கடைசியாக எப்போது உள்நுழைந்தார் என்பது அவர்களுக்கு நிமிடக் கணக்கில் தெரியும். வரைவு தயாரானதும் இங்கே போடுங்கள், விதியின் வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன்.